பதினாலாம் ரூம், ஐந்தாம் கட்டில்

ஓட்டுப் போட முடியாத ஆட்களிடம் போய், யாருக்கு ஓட்டு என்று நான் கேட்டிருக்கிறேன். வீடு வீடாக அல்ல, ரூம் ரூமாக. துபாயில், அல் கூஸில், எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு சட்டசபைத் தேர்தலுக்கு ஆறேழு மாதம் முன்பு அது நடந்தது. கூட்டணி எதுவும் முடிவாகவில்லை. வேட்பாளர் யாரென்று ஊரிலேயே தெரியாது. அதற்குள் நாங்கள் கருத்துக்கணிப்பு எடுத்துவிட்டோம். எடுத்தவன் நான் ஒருவன்தான்.

நான் பத்தாவது வரை படித்தவன். அரியலூர் பக்கத்து ஊர். டைல்ஸ் வேலைக்கு ஹெல்பராகத்தான் போனேன். இரண்டாம் வருடம் சிமெண்டு மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அனுப்பவில்லை. கேம்ப் பாயாக மாற்றினார்கள். பாய் என்று பெயரே தவிர எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. தண்ணீர் கேன் போடுவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, பதினைந்து நாளைக்கு ஒரு முறை பெட்ஷீட் கொடுப்பது, பாத்ரூம் கழுவுவது, பல்பு மாற்றுவது. ஆட்கள் எல்லாரும் விடிவதற்கு முன் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். பகல் முழுக்க அந்தப் பெரிய கேம்ப்பில் நானும் கேம்ப் பாஸும் மட்டும். அதிகம் பேச வராதவனுக்கு அது நல்ல வேலை.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். நீள நோட்டு, கோடு போட்டது. அதில் ஆட்களின் பெயர் கிடையாது. ரூம் நம்பர், கட்டில் நம்பர், அவ்வளவுதான். ஒரு ரூமில் எட்டுக் கட்டில். கதவோரம் கீழ்க் கட்டில் ஒன்று, அதற்கு மேல் இரண்டு, அப்படியே சுற்றிக்கொண்டு போகும். ஒற்றைப்படை கீழே, இரட்டைப்படை மேலே. 'பதினாலில் ஐந்து, பெட்ஷீட் கிழிந்தது.' 'ஒன்பதில் இரண்டு, தலையணை இல்லை.' இப்படித்தான் எழுதுவேன். கேம்ப்பில் யாருக்கும் யாருடைய பெயரும் சரியாகத் தெரியாது. பேசும்போது ஊர்ப் பெயர், எழுதும்போது நம்பர். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் ஏர்போர்ட்டுக்கு மட்டும்.

எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. யார் எந்த சைட்டுக்குப் போவது, யாருக்கு ஓவர்டைம், யாருக்கு எப்போது லீவு, எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு ஆள்தான், ஆனால் அண்ணாச்சி எழுதிக் கொடுக்கிற லிஸ்ட்டில்தான் போடுவார். அண்ணாச்சி ஒரு கட்சியில் தீவிரமாக இருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. பர்ஸில் தலைவர் படம் இருக்கும். தலைவர் பிறந்தநாளுக்கு மெஸ் ஹாலில் கேசரி கொடுப்பார். எல்லாரும் கை தட்டுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னைத் தேடி ஸ்டோருக்கு வந்தார். நான் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏல, ஒன் கையெழுத்து நல்லாருக்கும்லா?"

சுமாராக இருக்கும் என்றேன்.

மாவட்டத்திலிருந்து கட்சிக்காரர் ஒருவர் ஃபோன் செய்தாராம். இங்கே இருக்கிற ஒவ்வொருவனும் ஒரு வீடு. வெள்ளிக்கிழமை ஃபோனில் இவன் என்ன சொல்கிறானோ அதைத்தான் பெண்டாட்டி, அம்மா, தம்பி எல்லாரும் குத்தப் போகிறார்கள். அதனால் இங்கே ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தால் ஊரில் எத்தனையோ வீட்டு ஓட்டுத் தெரிந்துவிடும். இதுதான் அவர்கள் கணக்கு.

"இப்பமே தெரிஞ்சாத்தான் சரிபண்ண முடியும். கூட்டணியெல்லாம் பேசி முடிச்ச பொறவு கேட்டு என்ன செய்ய?" என்றார். போகும்போது திரும்பி நின்று, "பேரு மட்டும் எழுதிராத. பேரு எழுதுனா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்" என்றார்.

சரி அண்ணாச்சி என்றேன். எனக்கு அவரிடம் வேறு எதுவும் சொல்லத் தெரியாது.

நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி நாலு கட்டம் போட்டேன். அண்ணாச்சி சொன்னபடி: 'நம்ம கட்சி', 'அவங்க', 'மத்தவங்க', 'சொல்லலை'. இடது ஓரத்தில் வழக்கம்போல ரூம் நம்பரும் கட்டில் நம்பரும். அதை ஏன் எழுதினேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கேட்ட ஆளையே திரும்பக் கேட்டுவிடக் கூடாதே என்பது ஒரு காரணம். டூட்டிக்குப் போனவர்கள், தூங்குகிறவர்கள் எல்லாம் விட்டுப்போவார்களே, அவர்களை அடுத்த வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும். ஆனால் உண்மையான காரணம் அதுகூட இல்லை. பழக்கம். அந்த நோட்டில் நம்பர் போடாமல் ஒரு வரி எழுத என் கைக்குத் தெரியாது. பெயர் எழுதவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய்யும் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை மூன்றாம் ரூம் வாசலில் நோட்டோடு நின்றேன். கேஸ் தீர்ந்ததை எழுத வந்திருக்கிறேன் என்று நினைத்து, "ஆமாப்பா, நேத்தே தீர்ந்துபோச்சு" என்றார் ஒருவர். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு. எந்தக் கட்சி ஏசியை ரிப்பேர் பண்ணுமோ அந்தக் கட்சிக்கு என்றார் ஒருவர். தன் பெண்டாட்டி எந்தக் கட்சியோ அதுதான் தன் கட்சி, அவளைக் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார் இன்னொருவர். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராக என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, காதருகே சொன்னார்கள். ஒருவர் சோறு பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார். இன்னொருவர் மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். பத்து வருடமாக ஓட்டே போடாதவர் அவர். போன தேர்தலுக்கும் அதற்கு முந்தைய தேர்தலுக்கும் இங்கேயே இருந்தவர். நான் கட்டத்தில் டிக் போடுவதை நிஜமான ஓட்டுப்பெட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதுவரை யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. இப்போது கட்டிலில் இடம் ஒதுக்கி, டீ கொடுத்தார்கள். இந்த ரூமில் எத்தனை, அந்த ரூமில் எத்தனை என்று கேட்டார்கள். சொல்லக் கூடாது என்பேன். அப்படிச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது.

பதினாலாம் ரூமுக்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை போனேன். அங்கே ஐந்தாம் கட்டில் பட்டுக்கோட்டைக்காரருடையது. அவருக்கு மேலே ஆறாம் கட்டில் குளச்சல்காரருடையது. பட்டுக்கோட்டைக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. குளச்சல்காரர் ஊரில் கடலுக்குப் போனவர், இங்கே சாரம் கட்டுகிறவர். இரண்டு பேரும் ஆறு வருடமாக ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சோறும் ரசமும் இவர், மீன் அவர். இவர் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போவார். திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள்.

குளச்சல்காரர் சமையல் அறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு, "என்னை விட்டிரு மக்கா. ஆரு வந்தாலும் எங்க கரையில கல்லு போட மாட்டானுவ" என்றார். கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டுகிற கல்லைச் சொன்னார். 'சொல்லலை' கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு ரூமுக்குப் போனேன். பட்டுக்கோட்டைக்காரர் தனியாக இருந்தார். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கேட்கவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். அண்ணாச்சியின் கேசரியைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறவர் அவர்தான். தலைவர் படத்துக்கு மாலை வாங்கி வருகிறவரும் அவர்தான். 'நம்ம கட்சி' கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டே, "உங்களுக்குப் போட்டுடறேண்ணே" என்றேன்.

அவர் ஊசியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

"பேரு எழுத மாட்டேல்ல?"

"இல்லண்ணே."

"அப்ப மாத்திப் போடு, தம்பி."

வீட்டுக்கு அருகே உள்ள போர்செட்டுக்குக் கரண்ட் கேட்டு, அவர் மனைவி ஒன்றியத்தில் கட்சிக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார். மூன்று நாள் நடந்திருக்கிறார். மூன்று நாளும் திண்ணையோரம் நிற்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "புருசன் துபாய்ல தலைவருக்கு மாலை போடறவருன்னு சொல்லிருக்கா. சிரிச்சானுங்களாம்" என்றார். அவர் முகம் சிவக்கவில்லை, குரலும் ஏறவில்லை. வீட்டில் எல்லாரையும் மாற்றிக் குத்தச் சொல்லிவிட்டேன் என்றார். இதை மேல்கட்டில்காரரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், இப்போது உன்னிடம் சொல்கிறேன் என்றார்.

நான் '14 - 5' என்று எழுதி, 'அவங்க' கட்டத்தில் டிக் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த நம்பர் அவருக்கும் ஒரு பெயராகத் தோன்றவில்லை. நல்ல கையெழுத்து என்று மட்டும் சொன்னார். அப்புறம், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதைச் சொன்னார். வைகாசியில். அண்ணாச்சியிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர் போ என்று சொன்ன பிறகுதான் நாள் குறிக்கச் சொன்னாராம். ஒரே மகள். மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை. இந்த லீவுக்காகத்தான் போன லீவை விட்டுக்கொடுத்திருந்தார்.

கணக்கு முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் மொத்தம் மட்டும் கூட்டி எழுதி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் தாளைப் பார்த்தார். முகம் மாறியது. அவர் எதிர்பார்த்தது வேறு.

"நோட்டக் கொண்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தைக் கிழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கையோடு கொண்டுவராமல் ஸ்டோரில் வைத்திருந்தால், எடுக்கப் போகிற சாக்கில் கிழித்திருக்கலாம். நோட்டு என் கையில், அவர் கண் முன்னால் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டு போனார். பெரும்பாலான வரிகளில் விரல் நிற்கவில்லை. மற்ற கேங் ஆட்கள் எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. ஒரு இடத்தில் நின்றது.

"பதினாலுல அஞ்சு நம்ம பட்டுக்கோட்டையான்லா?"

நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அன்றைக்கு அதுவே பதிலாகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். வேறு ஒரு தாள் எடுக்கச் சொல்லி, அவர் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். நான் கூட்டிய எண்களுக்கும் அவர் சொன்ன எண்களுக்கும் சம்பந்தமே இல்லை. 'நம்ம கட்சி' எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. 'சொல்லலை' என்ற கட்டமே இல்லை. அந்தத் தாள்தான் ஊருக்குப் போயிற்று. மூன்று வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு சொன்னவர்கள், கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னவர்கள் யாருடைய பேச்சும் எங்கும் போய்ச் சேரவில்லை. அந்த நோட்டில் பயன்பட்டது ஒரே ஒரு வரி.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பொங்கல் போயிற்று. நான் நோட்டின் முன்பக்கத்தில் தண்ணீர் கேன் எழுதிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பட்டுக்கோட்டைக்காரர் மாப்பிள்ளைக்கு வாட்ச் வாங்கி வந்து காட்டினார். மகளுக்கு ஒரு பெட்டி நிறைய வாங்கிச் சேர்த்திருந்தார். லீவு கிடைக்காமல் போய்விடுமோ என்று இருந்த பயம் விட்டுவிட்டதுபோல இருந்தார். நானும் அண்ணாச்சி மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

பங்குனியில் லீவு லிஸ்ட்டை மெஸ் ஹால் போர்டில் ஒட்டினார்கள். எங்கள் கேங்கில் அந்த சீசனுக்கு இரண்டு பேர்தான் போகலாம். ஒன்று ஏற்கெனவே முடிவான வேறொரு ஆள். பட்டுக்கோட்டைக்காரர் பெயர் இருக்க வேண்டிய இன்னொன்றில் என் பெயர் இருந்தது. முதுகு பிடித்து கேம்ப்புக்கு வந்தாலும் கணக்கில் நான் அண்ணாச்சி கேங்தான். நான் லீவே கேட்டிருக்கவில்லை.

அண்ணாச்சி வழியில் பார்த்து, "ஒனக்கும் ரெண்டு வருசம் ஆச்சுல்லா. போயிட்டு வா. நல்ல வேலை செஞ்ச" என்றார்.

பட்டுக்கோட்டைக்காரரை அனுப்புங்கள் அண்ணாச்சி, எனக்கு வேண்டாம். இந்த ஒரு வரியை நான் பாத்ரூம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் அவர் ரூம் வாசல்வரை போனேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றினேன். மறுபடி போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை என்று எழுதினால் அது சரியாக இருக்காது. முடிந்திருக்கும். எனக்கும் ஊருக்குப் போக ஆசை இருந்தது.

பட்டுக்கோட்டைக்காரர் அண்ணாச்சியிடம் போனார். டவரை முடித்து ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர் இருக்கிறது, டைல்ஸ் மேஸ்திரியை விட முடியாது என்றார் அண்ணாச்சி. ஆபீஸுக்குப் போனார். ஃபோர்மேன் எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். மறுபடி அண்ணாச்சியிடம் வந்தார். மெஸ் ஹாலில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நின்றுகொண்டே கேட்டார். அண்ணாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"என்னட்ட ஏன் கேக்க? ஓட்டு யாருக்கோ அவங்கட்ட கேளு."

 பட்டுக்கோட்டைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அதில் அவர் சாப்பிட்டே இருக்கவில்லை.

மறுநாள் டூட்டி முடிந்து வந்து ஸ்டோரில் என்னைப் பார்த்தார். நான் லிஸ்ட்டைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவருக்கு என்மேல் வருத்தமே இல்லை.

"நான் சொன்னது ரெண்டே பேருகிட்ட. நீ பேரே எழுதல. அப்ப யாரு சொல்லிருப்பா, நீயே சொல்லு."

அப்போது நோட்டு எங்களுக்கு நடுவில் மேஜைமேல் இருந்தது. நான் அதன்மேல் ஒரு பெட்ஷீட்டை எடுத்து வைத்தேன்.

"ஆறு வருசம் ஒரே சட்டியில தின்னோம்டா" என்றார்.

அந்த வாரம் அவர் தனி அடுப்பு வைத்துக்கொண்டார். குளச்சல்காரர் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். இவர் பதில் சொல்லவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார், ஒருவேளை என்னிடம் வந்திருப்பார்.  மீன் பொரித்து ஒரு தட்டில் வைத்து, ஐந்தாம் கட்டிலில் மூடி வைத்துவிட்டுப் போவார் அவர். மறுநாள் பாத்திரம் விளக்கும் இடத்தில் அந்தத் தட்டு மூடியபடியே இருக்கும். இரண்டு வாரம் அப்படி நடந்தது. நான் பாத்ரூம் கழுவப் போகும்போது பார்ப்பேன். அப்புறம் மீன் தட்டு வருவது நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் குளச்சல்காரர் ரூம் மாற்றிக்கொண்டு போனார். பதினாலில் ஆறு காலி என்று நோட்டில் நான்தான் எழுதினேன்.

நான் லீவில் போனேன். பெட்டி கட்டும்போது பட்டுக்கோட்டைக்காரர் மாப்பிள்ளை வாட்சையும் மகளுக்குச் சேர்த்த சாமான்களையும் என்னிடம் கொடுத்தார். கல்யாணத்துக்கு நீ போய் நில்லு, எனக்கு அது போதும் என்றார். போனேன். போகாமல் இருக்க வழியில்லை.

அவர் வீட்டில் எனக்கு நல்ல மரியாதை. துபாயில் அப்பாகூட இருக்கிறவர் என்று மகள் வந்து கும்பிட்டாள். அதற்குள் தேர்தல் முடிந்து ஆட்சியும் அமைந்திருந்தது. போர்செட்டுக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை. அவர் மனைவி அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "அவுங்கள ஏன் விடலையாம்?"

வேலை அதிகம் என்றேன்.

ஏழரை ஒன்பது முகூர்த்தம். அங்கே ஆறு மணி, பஸ் சைட்டுக்கு வந்து சேரும் நேரம். நான் என் தம்பியிடம் வாங்கி வந்திருந்த செல்ஃபோனுக்கு, சொன்னபடி பட்டுக்கோட்டைக்காரர் கூப்பிட்டார். கார்டு போட்டுப் பேசுகிறேன், மேளம் கேட்கிற இடத்தில் பிடி என்றார். நான் பந்தல் ஓரத்திலிருந்து மணமேடைக்கு அருகே போய், ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கப் புருஷன் பெண்டாட்டி ஜோடியாக நிற்க வேண்டும். அப்பா இல்லாததால் தாய்மாமனும் அவர் மனைவியும் நின்றார்கள். பெண்ணைப் பெற்றவள் இரண்டு அடி தள்ளி, கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் வராததால் அவளுக்கும் அந்த இடம் இல்லாமல் போனது. மகள் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். மாமன் சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார். நான் கையை இறக்காமல் நின்றேன். தோள் வலித்தது. தாலி கட்டி, எல்லாரும் அரிசி போட்டு முடித்த பிறகுதான் ஃபோனைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. அவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

திரும்பிப் போகும்போது கல்யாண சிடியைக் கொடுத்தனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பதினாலாம் ரூமில் போட்டார்கள். பக்கத்து ரூம் ஆட்களும் வந்து கட்டிலெல்லாம் நிறைந்துவிட்டது. மாமன் தண்ணீர் ஊற்றும் இடத்தில் படத்தின் ஓரமாக ஒரு கை மட்டும் தெரிந்தது. உயரத் தூக்கிய கை, அதில் ஒரு செல்ஃபோன்.

பட்டுக்கோட்டைக்காரர் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பின்னால் ஓட்டி, மறுபடி போடச் சொன்னார்.

"இந்த எடத்துக்கு முன்னாடியே கார்டு தீர்ந்துபோச்சுடா தம்பி. லைன் அறுந்துட்டு. நீ பாட்டுக்குப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இன்னொரு தடவை பின்னால் ஓட்டச் சொன்னார். நான் தண்ணீர் கேன் வண்டி வந்துவிட்டது என்று சொல்லி வெளியே வந்தேன். வெள்ளிக்கிழமை தண்ணீர் வண்டி வராது. அது எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அவரோடு அதே கேம்ப்பில் இருந்தேன். அண்ணாச்சி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். குளச்சல்காரர் விசா முடிந்து ஊருக்குப் போய், அப்புறம் ஓமனில் சலாலாவுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். பயப்பட யாருமே இல்லாத பிறகும் நான் சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது லேசாகும் என்று நினைத்தேன். நாள் ஆனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பட்டுக்கோட்டைக்காரர் விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போன அன்று, அவருடைய அட்டைப் பெட்டிகளுக்கு நான்தான் கயிறு கட்டினேன். ரூமில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வேன் வர அரை மணி நேரம் இருந்தது. அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டார், நான் முடிச்சுப் போட்டேன்.

"அண்ணே, ஒரு விசயம்."

"சொல்லு."

"இன்னொரு சுத்துக் கட்டட்டுமா?"

"கட்டேன்" என்றார். கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அவரே பேசினார்.

"மேக்கட்டில் குளச்சல்காரன் நம்பரு உன்கிட்ட இருக்கா? எப்பயாச்சும் பேசுனா சொல்லு. அவன் சொன்னத நான் மனசுல வச்சிக்கலைன்னு சொல்லு. அண்ணாச்சி மெரட்டிக் கேட்டிருப்பான். அவன் என்ன பண்ணுவான் பாவம்."

அதற்கும் நான் சரிண்ணே என்றுதான் சொன்னேன்.

சலாலா நம்பரைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. தேடினேன் என்பதைவிடத் தள்ளிப்போட்டேன் என்பது சரி. கூப்பிட்டேன். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச முடிந்தது. நோட்டு, நம்பர், அண்ணாச்சியின் விரல், தனி அடுப்பு எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இதுக்காக்கும் அந்த மனுசன் என் மீனத் தொடாம வச்சாரு" என்றார். கோபம் இல்லை. அதிசயப்படுவதுபோல இருந்தது. கொஞ்சம் கழித்து, "என்கிட்ட சொல்லி என்ன மக்கா செய்ய. அவருகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பட்டுக்கோட்டைக்காரரின் நம்பரும் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்குக் கூப்பிடுவார். பேரன் பள்ளிக்கூடம் போகிறான், முதுகு எப்படி இருக்கிறது, இப்படிப் பேசுவோம். ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைத்து, சொல்லாமல் வைத்துவிடுவேன். இத்தனை வருடத்தில் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. என் வாயால் இதைச் சொல்ல முடியாது. எழுத மட்டும்தான் வரும். என் கையெழுத்து நல்லது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் புத்தகம் படிக்கிறவர். கேம்ப்பில் பழைய வாரப் பத்திரிகைகளை அட்டை கிழிந்த பிறகும் வைத்துப் படிப்பார். அதனால் இதை ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதில் யாருடைய பெயரும் இல்லை. ரூம் நம்பரும் கட்டில் நம்பரும் மட்டும் போட்டிருக்கிறேன். அவருக்கு அது போதும்.